கிராங்க்ஷாஃப்ட் சென்சார்: கேள்வி பதில்

ஈசூன் வாசகர்: இந்தச் சென்சார் எதைத்தான் அளக்கிறது?

பதில்: பிஸ்டன்களின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்ற இரண்டையும் அளக்கிறது. பல கார்களில் அதனுடன் சுழலும் சக்கரத்தில் 60 பற்களுக்கு இடம் வகுத்து, 2 பற்களை வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். ஒரு பல்லுக்கு 6 டிகிரி என்பதால், பல்லில்லாத அந்த இடைவெளி கடந்ததும் எஞ்சின் கணினி எண்ணத் தொடங்கி, எப்போது எரிபொருளைப் பீய்ச்ச வேண்டும், எப்போது பிளக்கில் பொறி எழ வேண்டும் என்று தீர்மானிக்கிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்று வேகத்தில் நொடிக்கு 5,800 பற்கள் கடந்துபோகும்.

பொங்கோல் வாசகர்: பி0335 என்ற பழுதுக் குறியீடு வருகிறது. சென்சாரை மாற்றிவிடலாமா?

பதில்: பொறுங்கள். சிக்னல் சரியாக வரவில்லை என்பதே அக்குறியீட்டின் பொருள். முதலில் கனெக்டரைக் கழற்றி, பின்களில் எண்ணெயோ பச்சைக் களிம்போ படிந்திருக்கிறதா, வயர் எங்காவது உரசித் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஜூரோங் வாசகர்: மல்டிமீட்டரில் ஓம் அளவு எதுவும் காட்டவில்லை. சென்சார் செத்துவிட்டதா?

பதில்: கம்பிச்சுருள் வகைக்குத்தான் அந்தச் சோதனை பொருந்தும். காந்தப்புலத்தைச் சில்லு மூலம் உணரும் ஹால் வகையின் உள்ளே மின்னணுச் சுற்று இருப்பதால், மின்சாரம் கொடுத்துச் சிக்னலைத்தான் அளக்க வேண்டும். மூன்று வயர் இருந்தாலே ஹால் என்றும் முடிவுகட்ட வேண்டாம். சுருள் வகை சிலவற்றில் மூன்றாவது வயர் வெறும் கவச வயர்.

செங்காங் வாசகர்: வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டைக் கவனிக்கும் கேம் சென்சார் இருக்கும்போது இது எதற்கு? இதைக் கழற்றிய பிறகும் என் கார் ஓடியது.

பதில்: ஓடியிருக்கும், சில கார்களில் அவசரத்துக்கு அப்படியொரு ஏற்பாடு உண்டு. ஆனால் நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சுழற்சி முடியக் கிராங்க் இரண்டு முறை சுற்றுகிறது. பிஸ்டன் உச்சியில் இருப்பது கிராங்க் சென்சாருக்குத் தெரியும். அது அழுத்த வீச்சின் முடிவா, புகை வெளியேறும் வீச்சின் முடிவா என்பது கேம் சென்சாருக்குத்தான் தெரியும்.

செங்காங் வாசகர்: அப்படியானால் கேம் சென்சார்தானே அதிகம் அறிந்தது?

பதில்: இல்லை. கேம் பாதி வேகத்தில், செயின் அல்லது பெல்ட் வழியாகச் சுழல்கிறது. செயின் தளர்ந்தால் கோணம் பிசகும், வால்வு நேரத்தை மாற்றும் எஞ்சின்களில் அது நகரவும் செய்யும். ஒரு சிலிண்டர் எரியத் தவறியதைப் பற்களின் நுண்ணிய வேகக் குறைவிலிருந்து கண்டுபிடிப்பதும் கிராங்க் சிக்னலால்தான்.

தெம்பினிஸ் வாசகர்: விரைவுச்சாலையில் சூடானதும் எஞ்சின் நின்றுவிடுகிறது, ஆறியபின் கிளம்புகிறது.

பதில்: இந்தச் சென்சார் மீது சந்தேகப்படலாம். நின்ற உடனே ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போது எஞ்சின் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் அசைகிறதா என்று கவனியுங்கள். பல கார்களில் அசையாத முள் நல்ல தடயம். ஆறிய காரைப் பணிமனைக்குக் கொண்டுபோனால் பழுது அங்கே தலைகாட்டாது.

உட்லண்ட்ஸ் வாசகர்: எனக்கும் பி0335. ஜோகூரில் மலிவாகச் சென்சார் வாங்கலாமா?

பதில்: பொங்கோல் வாசகருக்குச் சொன்னதைப் படித்தீர்களா? முதலில் கனெக்டர்.