பாக்கெட்டில் வருவதெல்லாம் விலக்கா?

கேள்வி: பால், முட்டை, இறைச்சி, எண்ணெய், வெள்ளைச் சர்க்கரை ஆகியவற்றை விட்டுவிட்டு, தானியம், பயறு, காய்கனி, கொட்டை வகைகள் என முழுமையான தாவர உணவுக்கு மாறியிருக்கிறேன். பதப்படுத்திய எதையுமே தொடக்கூடாது என்கிறார் தோழி. ஓட்ஸ், டோஃபு (சோயா பனீர்), டின்னில் அடைத்த பயறு ஆகியவற்றையும் விட்டுவிட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. பயறை வேகவைத்து டின்னில் அடைப்பதும் பதப்படுத்துதல்தான். சோயாவிலிருந்து புரதத்தை மட்டும் பிரித்தெடுத்து, எண்ணெயும் ஸ்டார்ச்சும் சுவையூட்டியும் கலந்து இறைச்சியைப் போல உருவாக்குவதும் பதப்படுத்துதல்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வகுத்த ‘நோவா’ முறை, உணவுகளை நான்கு பிரிவுகளாகப் பிரிப்பது இந்த வேறுபாட்டைக் கருதியே. மூலப்பொருளிலிருந்து எதை நீக்கினார்கள், அதில் எதைச் சேர்த்தார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

உமியை நீக்கி, ஆவியில் வேகவைத்து, உருளைகளுக்கிடையே தட்டையாக்கிய ஓட்ஸில் தவிடும் முளைக்கருவும் அப்படியே இருப்பதால் அது முழுத்தானியமே. சர்க்கரை கலந்த உடனடி ஓட்ஸும் முழுத்தானியம்தான் என்றாலும், சேர்த்த சர்க்கரையால் அது உங்களுக்குப் பொருந்தாது. எதுவும் சேர்க்காமல் உறைய வைத்த காய்கறிகளைத் தயங்காமல் வாங்கலாம். டின் பயறில் கவனிக்க வேண்டியது உப்பு ஒன்றுதான்; டின்னிலுள்ள நீரை வடித்துவிட்டுக் குழாய் நீரில் அலசினால் உப்பு கணிசமாகக் குறையும்.

டோஃபு சற்று விளக்கத்துக்குரியது. ஊறவைத்து அரைத்த சோயாவிலிருந்து பாலைப் பிழிந்து, அதைக் கால்சியம் சல்ஃபேட் போன்ற உப்பால் திரளச் செய்து, அழுத்திக் கட்டியாக்குகிறார்கள்; பிழியும்போது நார்ச்சத்தின் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுகிறது. ஆகவே கறாராகப் பார்த்தால் அது முழு உணவு அன்று. முழு சோயாவையே நொதிக்கவைக்கும் டெம்பே அதைவிட மேலானது. இருந்தாலும் புரதமும், கால்சியம் உப்பால் திரட்டியதாக இருந்தால் கால்சியமும் நிறைந்த டோஃபுவை ஒதுக்குவது தேவையற்ற கண்டிப்பு என்பதே என் கருத்து. எண்ணெய் அப்படியல்ல. எந்த முறையில் பிழிந்திருந்தாலும் அது கொழுப்பு மட்டுமே; ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது, நார்ச்சத்து துளியும் இல்லை.

கடையில் பாக்கெட்டின் முகப்பை நம்பாமல் பின்புறத்தைப் படியுங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில் அச்சிடுவதே பொதுவான விதி. முகப்பில் ‘பல தானிய ரொட்டி’ என்றிருக்கும். பின்புறத்தில் முதலில் மைதா, பிறகு நீர், சர்க்கரை, பாமாயில் என்று வந்து, அந்தத் தானியங்கள் கடைசியில் நிற்கும். சோடியம் அளவை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு தெரியும்: 600 மில்லிகிராம் சோடியம் என்றால் 1.5 கிராம் உப்பு. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கேள்வி: சோயா பாலில் வைட்டமின் பி12 சேர்க்கப்பட்டிருக்கிறதே, அதைத் தவிர்க்க வேண்டுமா?

பதில்: தவிர்க்கவே கூடாது. பி12 சத்தை உருவாக்குபவை பாக்டீரியாக்கள். தாவர உணவுகளிலிருந்து அது நம்பகமாகக் கிடைப்பதில்லை. குறைந்தால் ரத்தசோகையும் நரம்புப் பாதிப்பும் வரலாம் என்பதால், செறிவூட்டிய உணவோ மாத்திரையோ உங்களுக்குக் கட்டாயம் தேவை. அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சோயா பாலைச் சர்க்கரை சேர்க்காத வகையாகப் பார்த்து வாங்குங்கள். சேர்த்த கால்சியம் அடியில் படிந்துவிடும் என்பதால், ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்குங்கள்.