யானைத் தடத்தில் பட்டா நிலம் இருக்கிறது. நிலத்தை இழக்காமல் தடத்தைக் காக்கச் சட்டத்தில் வழி உண்டா?

உண்டு. கோவையில் ஆனைகட்டி, தடாகம் பக்கம் நாலைந்து ஏக்கர் வைத்திருப்பவர் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். யானைக்கு வக்காலத்து என்பவர்கள் முழுதும் படித்துவிட்டுத் திட்டலாம்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 36சி: சமுதாயக் காப்பகம் (Community Reserve), அதாவது தனியார் அல்லது ஊர் நிலத்தை வனவிலங்குக்காகக் காப்பது. நிலத்துக்காரர் தானாக முன்வந்தால்தான் அறிவிக்க முடியும். பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். கேரளத்தில் கடலுண்டி–வள்ளிக்குன்று இப்படி வந்ததுதான் (அது அலையாத்திக்காடு, சட்டம் இதேதான்). சிக்கல் வேறு இடத்தில். அறிவிப்பு வந்தபின் நிர்வாகக் குழு தீர்மானம் போட்டு, மாநில அரசும் ஒப்பினால்தான் நிலப் பயன்பாட்டை மாற்றலாம். நாளைக்கு மகன் ஹோம்ஸ்டே கட்டுகிறேன் என்றால் நடக்காது. கையெழுத்துக்கு முன் வீட்டில் பேச வேண்டியது இதைத்தான். நீலகிரியில் சீகூர் யானைத் தடம் இப்படி நிலத்துக்காரர் சம்மதத்தில் வந்ததல்ல. அந்தத் தடத்தை அறிவித்த 2010 அரசாணையை 2020-ல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்துவிட்டது.

ஒரு தோட்டக்காரர் மட்டும் கொடுத்துப் பயனில்லை. கிராம வரைபடத்தில் இந்தக் காட்டு எல்லையிலிருந்து அந்தக் காட்டு எல்லைவரை சர்வே எண்களை வரிசையாக எழுதுங்கள். ஓடைப் புறம்போக்கைத் தனியே குறியுங்கள். யானை லத்தி, உரசிய மரம், சாய்ந்த வேலி எல்லாவற்றையும் ஒரு வருடம் தேதியோடு பதியுங்கள். நடுவில் ஒரே ஒரு எண்ணில் காம்பவுண்டு சுவர் எழுந்தாலும் யானைக் கூட்டம் பக்கத்துத் தோட்டத்துக்குள் திரும்பும். அந்தச் சர்வே எண், 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறதா பாருங்கள். வந்தால் மாவட்டக் குழு அனுமதியில்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது.

வேலியைப் பட்டா எல்லையில் போடாதீர்கள். வீட்டையும் பயிரையும் மட்டும் சுற்றுங்கள். பேட்டரியில் ஓடும் எனர்ஜைசர் (வேலிக்கு மின்சாரம் கொடுக்கும் கருவி) விட்டுவிட்டு அடிக்கும், யானை விலகும். கரண்ட் லைனிலிருந்து நேரே கொடுத்தால் யானையும் சாகும், தண்ணி கட்டப் போன ஆளும் சாவார். 2023 மின்வேலி விதிகள்படி காப்புக்காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அனுமதி வேண்டும். தடத்தை ஒட்டி வாழை, மக்காச்சோளம் வேண்டாம். மஞ்சள், மிளகாய், கறிவேப்பிலையை யானை அவ்வளவாகத் தின்னாது. மிதிப்பதை யாராலும் தடுக்க முடியாது.

2024-ல் தமிழ்நாட்டின் 42 யானைத் தடங்கள் பற்றிய வரைவு அறிக்கைக்கு வனத்துறையினர் ஆங்கிலத்தில் கருத்துக் கேட்டார்கள். தோட்டத்துக்காரர் என்ன கருத்துச் சொல்வார்?

காப்பகம் கேட்டுப் போடும் கிராம சபைத் தீர்மானத்தில் சர்வே எண், பரப்பு, இப்போதைய பயிர், கிணறு, மாட்டுக்கொட்டகை எல்லாம் இருக்கட்டும். விட்டுப்போனால் கொட்டகைக்குக் கூரை மாற்றுவதும் பின்னால் தகராறாகலாம்.