புரட்டாசிக்கு முன் வீட்டைக் கழுவும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

புரட்டாசி நெருங்கினால் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஒரே மும்முரம்தான். கறி சமைத்த சட்டிகள் ஒதுங்கும், விரதச் சட்டிகள் மேல் தட்டிலிருந்து இறங்கும், திரைச்சீலை, சாமி அறை, குளியலறை எல்லாம் கழுவப்படும். சோப்பும் கிருமிநாசினியும் தயாரிக்கும் இடத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் நான் என்பதால் இந்த நேரத்தில் கேள்விகள் குவிகின்றன. அவற்றில் பாதி, எதை எதோடு கலக்கலாம் என்பதுதான். அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் முதல் கடிதம் என்னைக் கவலைப்பட வைத்துவிட்டது.

அக்கா, குளியலறை கழுவ ஜிக் (பிளீச்), வினிகர், பாத்திர சோப்பு மூன்றையும் ஒரே பாட்டிலில் கலந்து வைத்திருக்கிறேன். நன்றாகச் சுத்தமாகிறது. ஆனால் கண் எரிகிறது, இருமலும் வருகிறது. வினிகரைக் குறைத்தால் போதுமா? (சாட்ஸ்வர்த் வாசகி)

போதாது அம்மா. அந்த பாட்டிலே வீட்டில் இருக்கக் கூடாது. மூடியபடி வைத்தால் உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கக்கூடும். வெளியே எடுத்துப் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாகத் திறந்து, நிறையத் தண்ணீர் ஓடவிட்டு வெளிச் சாக்கடையில் ஊற்றிவிடுங்கள்.

ஜிக் என்பது சோடியம் ஹைப்போகுளோரைட், நம் கடைகளில் கிடைப்பது சுமார் 3.5 சதவீதம். அதில் எந்த அமிலம் பட்டாலும் குளோரின் வாயு கிளம்பும். உங்கள் கண் எரிந்தது அதனால்தான். வினிகர், எலுமிச்சை, டாய்லெட் கழுவும் திரவம், உப்புக் கறை நீக்கும் திரவம் எல்லாமே அமிலம். அம்மோனியாவோடு சேர்ந்தால் வேறொரு நச்சு வாயு வரும். சில கிரீம் கிளீனர்களிலும் கண்ணாடி துடைக்கும் திரவங்களிலும் அம்மோனியா உண்டு, அதனால் லேபிளைப் படியுங்கள். குழந்தையின் மூத்திரத் துணி ஊறிய வாளியிலும் பூனையின் மண் தட்டிலும்கூட அம்மோனியா இருக்கும், அங்கே நேராக ஜிக் ஊற்றக் கூடாது.

ஜிக்கோடு சேர வேண்டியது தண்ணீர் மட்டும். துடைக்கும் வேலைக்கு 1 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி ஜிக் போதும். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுங்கள், அலசுங்கள், அப்புறம் ஜிக் தண்ணீர். அழுக்கின் மேலேயே ஊற்றினால் அதன் சக்தி அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். கலந்த தண்ணீரை அன்றன்றைக்குத் தீர்த்துவிடுங்கள், மறுநாளைக்கு அதில் வீரியம் இருக்காது.

கண்ணெரிச்சலும் இருமலும் வந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள். மூச்சு இழுத்தால் காத்திருக்க வேண்டாம், 10177-க்கு அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள்.

வினிகரும் ஆப்ப சோடாவும் சேர்ந்தால் பொங்குகிறதே, அது ரொம்ப சக்தி வாய்ந்த கலவையா? (ஃபீனிக்ஸ்)

பொங்குவதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு கரியமில வாயுவாகப் போய்விடுகின்றன, மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். ஆபத்தில்லை, பலனும் இல்லை. ஆப்ப சோடாவைத் தனியாக ஈரத்துணியில் தொட்டுத் தேயுங்கள். அடுப்பு மேடை, சிங்க், தேநீர்க் கறை பிடித்த கோப்பை எல்லாவற்றுக்கும் அது நல்லது. வினிகரைத் தனியாகக் குழாய் வாயில் படிந்த வெள்ளைக் கறைக்கும் ஜன்னல் கண்ணாடிக்கும் வையுங்கள். மார்பிள் பக்கம் மட்டும் வினிகரைக் கொண்டுபோகாதீர்கள். சாமி அறையில் மார்பிள் பலகையோ சிலையோ இருந்தால் அதன் பளபளப்பை ஒரே நாளில் தின்றுவிடும்.

குழம்பு வைத்த ஐஸ்கிரீம் டப்பா எல்லாம் மஞ்சளாகிவிட்டன. மேஜை விரிப்பிலும் கறை. சோப்பு போட்டால் சிவப்பாக மாறுகிறது, பயமாக இருக்கிறது. (வெருலம்)

பயப்பட வேண்டாம். மஞ்சளில் நிறம் கொடுக்கும் குர்குமினுக்குக் காரம் பட்டால் சிவப்பாகும் குணம் உண்டு. சோப்பு காரம், அவ்வளவுதான். வினிகர் இரண்டு சொட்டு கலந்த தண்ணீரில் அலசினால் மறுபடி மஞ்சளாகிவிடும்.

இந்த நிறம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். நம் குழம்பில் மேலே மிதக்கும் எண்ணெயே அதை பிளாஸ்டிக்குக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதனால் வெறும் தண்ணீரில் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. முதலில் பாத்திர சோப்பைத் தண்ணீர் சேர்க்காமல் நேராகக் கறையில் தடவி, விரலால் தேய்த்து, கொஞ்ச நேரம் கழித்து வெந்நீரில் அலசுங்கள். எண்ணெய் வெளியே வந்த பிறகு மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். மஞ்சளுக்கு வெயில்தான் எதிரி. டப்பாவைத் திறந்த வாயோடு ஒரு பகல் முழுக்க முற்றத்தில் கவிழ்க்காமல் வையுங்கள். விரிப்பை ஈரத்தோடு கொடியில் போடுங்கள். சாயங்காலம் எடுக்கும்போது உங்களுக்கே வித்தியாசம் தெரியும், இல்லையென்றால் மறுநாளும் போடுங்கள். அடுத்த முறை ஃபிரீசரில் வைக்கும் குழம்பை நன்றாக ஆறவிட்டு ஊற்றுங்கள், சூட்டோடு ஊற்றினால்தான் பிளாஸ்டிக் அதிகம் குடிக்கும்.

சமையல் மேடையில் பட்ட கறைக்கு ஸ்பிரிட் நன்றாக வேலை செய்யும். ஆனால் கடையில் ஊதா நிறத்தில் விற்கும் மெத்திலேட்டட் ஸ்பிரிட் வேண்டாம், மஞ்சள் போய் ஊதா வந்த கதையாகிவிடும். மருந்துக்கடையில் நிறமில்லாத சர்ஜிகல் ஸ்பிரிட் கேட்டு வாங்கிப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். அடுப்பு அணைந்திருக்க வேண்டும்.

பாட்டி வைத்திருந்த பித்தளைக் குத்துவிளக்கு. புளி போட்டுத்தான் தேய்க்கிறோம். இந்தத் தடவை அங்கங்கே ரோஸ் நிறத் திட்டு வந்துவிட்டது. பிராஸோவுக்கு மாறலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

புளியைக் குறை சொல்ல வேண்டாம். அதை எத்தனை நேரம் விட்டீர்கள் என்பதுதான் விஷயம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். அமிலம் நெடுநேரம் தங்கினால் துத்தநாகம் மேற்பரப்பிலிருந்து கரைந்துபோய்ச் செம்பு மட்டும் தெரியும். அதுதான் உங்கள் ரோஸ் திட்டு. ராத்திரி புளியில் ஊறவைத்துக் காலையில் தேய்க்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, விளக்கில் பிடித்திருக்கும் கறுப்பில் பாதி எண்ணெயும் கரியும். அதைப் புளி தொடாது. முதலில் திரி வைக்கும் குழியை டிஷ்யூவால் நன்றாகத் துடைத்துவிட்டு, சலவைச் சோடா ஒரு பெரிய கரண்டி போட்ட வெந்நீரில் கால்மணி நேரம் வையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சலவைச் சோடா தோலை வறட்டிவிடும். பழைய டூத் பிரஷ்ஷால் முகங்களின் இடுக்குகளைத் தேயுங்கள். கறுப்புக் குழம்பாக இறங்கும். அலசிய பிறகுதான் புளி. கெட்டிக் கரைசலைக் கொஞ்சம் உப்போடு கையில் எடுத்துத் தேய்க்கும்போது, விரல் போகும் பாதையிலேயே பழுப்பு விலகி மஞ்சள் தெரியும். தெரிந்ததும் நிறுத்தி, உடனே அலசுங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் விட வேண்டாம். அப்புறம் காய்ந்த துணியால் ஈரமே இல்லாமல் துடையுங்கள். தானாகக் காயட்டும் என்று வைத்தால் மறுநாளே பச்சைப் புள்ளி வரும்.

வந்துவிட்ட ரோஸ் திட்டு லேசானதென்றால் பிராஸோ மாதிரி மெருகுப் பசையால் தேய்த்தால் குறையும். அதைத் தினமும் போட வேண்டியதில்லை, வேலைப்பாடுகளின் இடுக்கில் வெள்ளைத் தூளாகத் தங்கும். போட்டால் சோப்பால் கழுவிவிட்டு விளக்கேற்றுங்கள். புது விளக்குகளில் பல லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சோடு வருகின்றன, அவற்றுக்குப் புளியும் வேண்டாம், பிராஸோவும் வேண்டாம், ஈரத்துணி போதும்.

லெனேசியாவில் குடியேறினோம். கெட்டிலுக்குள் வெள்ளையாகப் படிகிறது. டர்பனில் இப்படி இருந்ததில்லை.

அங்கே வரும் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், அதுதான். பாதி வினிகர், பாதி தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து அரைமணி நேரம் விட்டுக் கொட்டுங்கள். இரண்டு முறை வெறும் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டு டீ போடுங்கள்.

குளியலறைக் கூரையில் கறுப்புப் பூஞ்சை. ஜிக் அடித்தால் போகிறது, மாதம் ஒன்றானால் திரும்பி வருகிறது. (இசிபிங்கோ)

இந்தக் கடற்கரைக் காற்றில் பூஞ்சைக்கு என்றும் கொண்டாட்டம். டைல்ஸில் இருந்தால் சோப்பால் கழுவி, ஒரு கப் ஜிக்குக்கு எட்டு கப் தண்ணீர் கலந்து தடவி, பத்து நிமிடம் விட்டு அலசினால் போகும். கூரைப் பலகையும் சுவர்ப் பூச்சும் அப்படியல்ல. ஜிக் மேலே வெளுத்துவிடும், உள்ளே வேர் இருக்கும், ஜிக்கோடு போன தண்ணீரையே அது குடிக்கும். தலைக்கு மேல் ஸ்பிரே அடிப்பதும் கண்ணுக்கு ஆபத்து, துணியில் தொட்டுத் துடையுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையான மருந்து ஈரத்தைக் குறைப்பதுதான். குளித்த பிறகு ஜன்னலைத் திறந்து வையுங்கள், சுவரை ரப்பர் துடைப்பானால் வழித்துவிடுங்கள், ஈரத் துணியை உள்ளே காயப் போடாதீர்கள். அப்படியும் ஒரே இடத்தில் வந்தால் மேலே குழாயோ ஓடோ ஒழுகுகிறது என்று அர்த்தம். அதைச் சரி செய்யாமல் பெயின்ட் அடித்தால் பணம்தான் போகும்.

மஞ்சள் தண்ணீரை சிரிங்கா இலையால் வீடு முழுக்கத் தெளிக்கிறோம். அது கிருமியைக் கொல்லும், தனியாகக் கிருமிநாசினி வேண்டாம் என்கிறார் மாமியார். (ஸ்டாங்கர்)

தெளியுங்கள். நம் முன்னோர்கள் வேப்பிலை கிடைக்காத இடத்தில் சிரிங்காவைப் பிடித்துக்கொண்டு காப்பாற்றி வந்த வழக்கம் அது, விடக் கூடாது. ஆனால் மாமியாரிடம் பணிவாகச் சொல்லுங்கள்: கழிப்பறைக்கும், கோழி நறுக்கிய பலகைக்கும் சோப்பும் ஜிக் தண்ணீரும்தான் வேண்டும். தெளிப்பது கடைசியில், எல்லாம் கழுவி முடித்த பிறகு. சிரிங்காவின் மஞ்சள் காய்கள் விஷம், கிளையோடு கொண்டுவந்தால் குழந்தையும் நாயும் எடுக்காமல் பாருங்கள்.

சின்ன ஃபிளாட், இரண்டு குழந்தைகள். சாமான்களை எங்கே வைப்பது? தெருவில் லிட்டர் கணக்கில் மலிவாக விற்கிறார்கள், வாங்கலாமா? (ஓவர்போர்ட்)

முதலில் சாமான்களைக் குறையுங்கள். பாத்திர சோப்பு, பச்சை சன்லைட் கட்டி, ஜிக், வெள்ளை வினிகர், ஆப்ப சோடா, டாய்லெட் திரவம் ஒன்று. இவற்றால் செய்ய முடியாத வேலை ஃபிளாட்டில் அதிகம் இல்லை. தரைக்கு ஒன்று, ஜன்னலுக்கு ஒன்று, அடுப்புக்கு ஒன்று என்று வாங்குவது விளம்பரத்துக்குச் செலவு. ஜிக்கைச் சின்ன பாட்டிலாக வாங்குங்கள், வெயிலிலும் சூட்டிலும் அது நாளாக ஆக நீர்த்துப்போகும்.

சிங்க்குக்குக் கீழே எல்லோரும் வைக்கிறோம், தவழும் குழந்தை முதலில் திறக்கும் கதவும் அதுதான். பூட்டு போடுங்கள், அல்லது கைக்கு எட்டாத உயரத்தில் மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். ஜிக்கையும் அமிலத்தையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

தெருவில் கோக் பாட்டிலில் ஊற்றி விற்பதை வாங்காதீர்கள். என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. தாகத்தில் ஓடிவரும் குழந்தைக்கு அது குளிர்பானம்தான். பாரஃபினும் (மண்ணெண்ணெய்) அதே. எலி மருந்தோ இன்னும் மோசம். 2024 அக்டோபரில் சொவேட்டோவின் நலேடியில் ஆறு குழந்தைகள் இறந்தார்கள். டெர்புஃபாஸ் என்ற பயிர்ப் பூச்சிக்கொல்லிதான் காரணம் என்று சுகாதார அமைச்சர் ஆரன் மோட்சோலேடி அறிவித்தார். அந்த மருந்து வீட்டுக்கானதே இல்லை. தெருவில் பொட்டலம் கட்டி எலிக்கு என்று விற்கிறார்கள். தயவுசெய்து அதைக் கையால் தொடக்கூட வேண்டாம்.

குழந்தை எதையாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நச்சுத் தகவல் மையத்தை அழையுங்கள்: 0861 555 777. இரவும் பகலும் எடுப்பார்கள். எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

தண்ணீர் எப்போது நிற்கும் என்று தெரியவில்லை, டிரம்மில் பிடித்து வைக்கிறோம். ஜிக் போடலாமா? (டோங்காட்)

2022 ஏப்ரல் வெள்ளத்தில் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி மாதக்கணக்கில் தவித்த ஊர், உங்களுக்கு டிரம்மின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. போடலாம். 25 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி, வாசனை சேர்க்காத சாதா ஜிக், கலக்கி இரண்டு மணி நேரம் விட்டுக் குடிக்கலாம். கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்டுங்கள். டிரம் உணவுப் பொருள் வந்த டிரம்மாக இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் நீல டிரம்களில் சில ரசாயனம் ஏற்றி வந்தவை, எத்தனை முறை கழுவினாலும் குடிநீருக்கு ஆகாது.

முற்றத்தை ஜெய்ஸ் ஃபுளூயிட் என்ற கிருமிநாசினி போட்டுக் கழுவுகிறோம். பூனைக்குட்டி ஒன்று வந்திருக்கிறது. (மெரிபேங்க்)

அப்படியென்றால் நிறுத்துங்கள். அதிலுள்ள ஃபீனால் வகைப் பொருளைப் பூனையின் உடம்பால் முறித்து வெளியேற்ற முடியாது. காலில் பட்டதை நக்கினாலே போதும். சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள்.

பிரியாணி தேக்சா கழுவியதிலிருந்து சிங்க் அடைத்துக்கொண்டது. காஸ்டிக் சோடா போடலாமா? (சாட்ஸ்வர்த்)

நெய் உள்ளே போய் உறைந்திருக்கும். முதலில் வெந்நீரும் பாத்திர சோப்பும் ஊற்றி, ரப்பர் பம்பால் அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் இதிலேயே திறந்துகொள்ளும். காஸ்டிக்தான் என்றால் கையுறை, கண் கண்ணாடி கட்டாயம். வாளியில் குளிர்ந்த தண்ணீரை எடுத்து அதில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். காஸ்டிக்கின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தில் கரைக்கவே கூடாது. அதற்குப் பிறகும் திறக்கவில்லை என்றால் மேலே வேறு எதையும் ஊற்றாமல் பிளம்பரைக் கூப்பிடுங்கள். உள்ளே காஸ்டிக் இருக்கிறது என்று அவர் குழாயில் கை வைக்கும் முன்னே சொல்லிவிடுங்கள்.