சபைக்கூடலில் மகனின் முடியை வெட்டிய ஆசிரியர்மீது புகார் செய்யலாமா?

கோலாலம்பூர் செந்தூலில் இரண்டாம் படிவம் படிக்கும் உங்கள் மகனின் முடி காதைத் தொட்டதென்று, கட்டொழுங்கு ஆசிரியர் சபைக்கூடலில் அனைவர் முன்னிலையிலும் கத்தரியால் கோணல்மாணலாக வெட்டிவிட்டார் என்றும், விதியை மீறியது அவன் தவறுதான் என்றாலும் இப்படிச் செய்யலாமா, புகார் செய்தால் அவனுக்கே பாதகமாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்படிச் செய்யக்கூடாது, நீங்கள் புகார் செய்யலாம். காரணங்களைச் சொல்வதற்கு முன், நான் எந்தப் பக்கத்தில் நின்றவன் என்பதைச் சொல்லிவிடுவது நேர்மையாக இருக்கும். நான் முடி வெட்டப்பட்டவன் அல்லன். 2002-ஆம் ஆண்டு ஜனவரியில், பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையிலிருந்த ஓர் இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவ மாணவத் தலைவனாக, விழுகிற முடியை ஏந்துவதற்கு அட்டைப்பெட்டி பிடித்துக்கொண்டு கத்தரிக்குப் பக்கத்தில் நின்றவன்.

அந்தக் காலத்தில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கியது. நவம்பர், டிசம்பர் விடுமுறையில் வளர்ந்த முடியோடு வருகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே முதலிரண்டு வாரங்களில் திடீர்ச் சோதனை நடக்கும். தைப்பூசமும் பெரும்பாலும் அதை ஒட்டியே வரும் என்பதால், முடி காணிக்கை நேர்ந்துகொண்ட தமிழ்ப் பிள்ளைகள் ஆண்டுதோறும் அதில் மாட்டிக்கொள்வார்கள். பெற்றோர் கடிதம் கொடுத்தால் பொறுத்துக்கொள்ளும் ஆசிரியர்களும் இருந்தார்கள். எங்கள் கட்டொழுங்கு ஆசிரியர் அந்த வகையைச் சேர்ந்தவர் அல்லர்.

அன்று மேடைக்கு அழைக்கப்பட்ட பதினேழு பேரில் மூன்றாம் படிவ மாணவன் ஒருவன் இருந்தான். தன் தாயின் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் பேரனின் முடியைப் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயில் முருகனுக்குத் தருவதாகப் பாட்டி நேர்ந்திருந்தார். அதனால் தீபாவளிக்குப் பிறகு அவன் முடிதிருத்தும் கடைப் பக்கமே போகவில்லை. இவையெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது, வரிசையில் என்னைக் கடந்தபோது அவன் தாழ்ந்த குரலில் சொன்ன ஒன்றுதான்: “அண்ணே, வேண்டுதல்ண்ணே. லெட்டர் பேக்ல இருக்குண்ணே.” நான் அதை ஆசிரியரிடம் சொல்லியிருக்கலாம். அவர் இரண்டடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். ஆனால் சுமார் எண்ணூறு பேர் திடலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒரு மாணவத் தலைவன் குறுக்கே பேசினால் அடுத்த கேலி அவன்மீது திரும்பும் என்பது எனக்குத் தெரியும். ஆசிரியர் அவனுடைய நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் நடுவில் ஒரு பாதை போட்டார். “இது எந்த ஹைவே, வடக்கா தெற்கா?” என்று ஒலிவாங்கியில் கேட்டார். திடல் சிரித்தது, நானும் சிரித்தேன். அவனும் சிரித்தான் என்பதுதான் இன்றுவரை எனக்கு நினைவில் நிற்கிறது. அந்த இடத்தில் சிரிக்காமல் நின்றால் இன்னும் மோசமாகும் என்பதைப் பதினைந்து வயதிலேயே அவன் தெரிந்துவைத்திருந்தான்.

அந்த ஆசிரியர் தமிழர். இதைச் சொன்னால் நம்மவர்களில் சிலருக்குப் பிடிக்காது என்றாலும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இப்படிப்பட்ட செய்தி வரும்போதெல்லாம் உடனே இனப் பேச்சாக்கிவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அவர் கொடியவரும் அல்லர். மாலையில் சம்பளம் வாங்காமல் எங்களுக்குக் கணக்கு வகுப்பு எடுத்தவர். அவருடைய பயம் வேறு: அன்றைய செபராங் பிறையில் தமிழ்ப் பையன்களின் முடி, கையில் கட்டும் கயிறு, சட்டைக் கையை மடிக்கும் விதம் எல்லாமே குண்டர் கும்பலின் அடையாளமாகப் பார்க்கப்பட்டன. (உள்துறை அமைச்சு 2013-இல் 49 கும்பல்களைச் சட்டவிரோதமானவை என்று பெயர் சொல்லி அறிவிப்பதற்கு வெகு காலம் முன்பே இந்தச் சந்தேகம் பள்ளி வாசல்களில் நின்றது.) போலீஸ்காரர் பார்வையில் படுவதற்கு முன்பு நானே வெட்டிவிடுகிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பிள்ளைகளைக் காப்பாற்ற நினைத்த ஒருவருக்கு அந்த ஒலிவாங்கி எதற்கு என்ற கேள்விக்கு மட்டும் இத்தனை ஆண்டுகளில் எனக்கு விடை கிடைக்கவில்லை.

மறுநாள் பாட்டி பள்ளிக்கு வந்தார். சத்தம் போடவில்லை, யார்மீதும் குற்றம் சொல்லவில்லை. வெட்டிய முடியையாவது கொடுங்கள், கோயிலில் சேர்த்துவிடுகிறேன் என்று மட்டும் அலுவலகத்தில் கேட்டார். நேர்ந்துகொண்ட முடியைக் குப்பையில் போடக்கூடாது என்பது அவருக்கு இருந்த ஒரே கவலை. அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பதினேழு பேரின் முடியும் ஒரே பெட்டியில் கலந்து, முதல் நாளே சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் இருந்த குப்பைத்தொட்டிக்குப் போய்விட்டது, கொட்டியவன் நான். பாட்டி “சரிப்பா” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பையன் அவ்வாண்டு மூன்றாம் படிவ இறுதியில் வரும் பி.எம்.ஆர். அரசுத் தேர்வு எழுதினான், நான்காம் படிவத்துக்கு வரவில்லை. அதற்கு இந்தச் சம்பவம்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் வேறு சிரமங்களும் இருந்தன.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம் மலேசியாவில் பள்ளித் தண்டனைகளுக்கு அடிப்படையாக இருப்பவை 1959-ஆம் ஆண்டின் கல்வி (பள்ளிக் கட்டொழுங்கு) விதிமுறைகள். அவற்றின்படி ரோத்தானால், அதாவது பிரம்பால், அடிப்பதற்கே எல்லைகள் உண்டு: மாணவிகளை அடிக்கக்கூடாது, மாணவர்களையும் உள்ளங்கையிலோ, உடைக்கு மேலாகப் பிட்டத்திலோதான் மெல்லிய பிரம்பால் அடிக்கலாம், தலைமையாசிரியரோ அவர் அதிகாரம் கொடுத்த ஆசிரியரோதான் அடிக்கலாம். 2003-இல் கல்வியமைச்சு வெளியிட்ட எஸ்.பி.ஐ. 7/2003 சுற்றறிக்கை இதை மறுபடி வலியுறுத்தியதோடு, பொதுவில் வைத்து ரோத்தானால் அடிப்பதையும் தடுத்தது. ரோத்தான் வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம்; நான் வேண்டாம் என்கிற பக்கம். ஆனால் யார், எங்கே, எதைக்கொண்டு அடிக்கலாம் என்பதாவது அதற்கு எழுதப்பட்டிருக்கிறது. தலையில் பாதை போடுவதற்கும், சட்டைக் காலரில் அட்டை மாட்டி நிற்க வைப்பதற்கும், ஒலிவாங்கியில் உடலைக் கேலி செய்வதற்கும் அந்த விதிமுறைகளில் இடமே இல்லை. இடம் இல்லாததாலேயே அவற்றுக்கு எல்லையும் இல்லாமல் போய்விட்டது. ஆசிரியருக்கு அன்று காலை என்ன தோன்றுகிறதோ அதுவே தண்டனையாகிறது. அடித்தால் கேள்வி வரும் என்று அஞ்சுகிற ஆசிரியர்கள், அடிக்காத தண்டனை என்பதால் இதைப் பாதுகாப்பானதாகக் கருதுவதையும் பார்த்திருக்கிறேன்.

மலேசியா 1995-இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 28-ஆவது பிரிவு, பள்ளிக் கட்டொழுங்கு குழந்தையின் மனித மாண்புக்கு ஏற்ற முறையில் இருக்க வேண்டும் என்கிறது. 2001-ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டத்தின் 31-ஆவது பிரிவு, குழந்தைக்கு மன அளவில் காயம் உண்டாக்குவதையும் குற்றமாகக் கருதுகிறது. 2016-இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு அதற்கு 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ 20 ஆண்டுகள் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். இதைப் படித்துவிட்டு நாளைக்கே போலீஸ் நிலையத்துக்குப் போய்விடாதீர்கள். பதற்றம், மனச்சோர்வு, ஒதுங்கிப்போதல் போன்றவை வெளிப்படையாகத் தெரிகிற பாதிப்பைத்தான் அச்சட்டம் மனக்காயம் என்கிறது. ஒருமுறை முடி வெட்டியது அந்த அளவை எட்டுமா என்பதை ஒரு வழக்கறிஞர்தான் சொல்ல முடியும். ஆனால் இது வெறும் பள்ளி உள்விவகாரம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அது அப்படியில்லை என்று சொல்வதற்கு இது உதவும்.

விதி என்றால் விதிதானே என்று என் மைத்துனர் அடிக்கடி சொல்வார். அவருக்கு நான் காலணியை நினைவூட்டுவேன். எங்கள் காலத்தில் வெள்ளைக் கேன்வஸ் காலணி அழுக்காக இருந்தால், அதைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டு வெறுங்காலோடு திடலைச் சுற்றி வரச் சொல்வார்கள். பினாங்கு மழையில் பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வருகிறவனுக்கு அது எப்படி வெள்ளையாக இருக்கும் என்று யாரும் கேட்டதில்லை. ஞாயிறு இரவு வீடுதோறும் அதற்கு வெள்ளைப் பூச்சுப் பூசிக் காய வைப்பதே ஒரு வேலை. பிறகு 2018-இல் கல்வியமைச்சர் கறுப்புக் காலணியை அறிவித்தார். 2021-இலிருந்து கறுப்பே கட்டாயமாயிற்று. நல்ல முடிவுதான். ஆனால் கழுத்தில் காலணியோடு சுற்றி வந்தவர்கள் எந்த மாபெரும் ஒழுக்கத்துக்காகச் சுற்றினார்கள் என்பதை அந்த அறிவிப்பு நாளன்று நான் நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் பெற்றோர் பக்கம். என் மகள் முதலாம் படிவத்தில் இருந்தபோது, அத்தையின் திருமணத்துக்கு வைத்த மருதாணி அழியாமல் பள்ளிக்குப் போனாள். மருதாணி கூடாது என்பது பள்ளி விதி. நாங்கள் முன்கூட்டியே கடிதம் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. அவளை மேடையில் ஏற்றி, இரு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டியபடி சபைக்கூடல் முடியும் வரை நிற்க வைத்துவிட்டார்கள். நான் பள்ளி முதல்வருக்கு மலாயில் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். மருதாணி வைத்தது எங்கள் தவறு என்பதை முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டேன். நாள், நேரம், எத்தனை நிமிடம் நின்றாள், என்ன சொன்னார்கள் என்பதை எழுதி, இந்தத் தண்டனை எந்த விதியின்கீழ் கொடுக்கப்பட்டது என்று மட்டும் கேட்டேன். மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. ஆசிரியரை மாற்றச் சொல்லவில்லை. எழுத்தில் பதில் வரவில்லை. ஆனால் முதல்வர் அழைத்துப் பேசினார். அதன் பிறகு தோற்றம் சம்பந்தமான விசாரணைகள் கட்டொழுங்கு அறைக்குள் நடப்பதாக மகள் சொன்னாள்.

எனவே உங்களுக்கும் நான் சொல்வது: இன்றே மகனின் தலையைப் படம் எடுத்து வையுங்கள், பிறகு முடிதிருத்தும் கடைக்கு அழைத்துப் போய்ச் சீராக வெட்டிவிடுங்கள், விதி மீறலை அப்படியே வைத்துக்கொண்டு பேசப் போனால் பேச்சு முழுவதும் முடியைப் பற்றியே போய்விடும். அடுத்து, முதலாம் படிவத்தில் சேர்த்தபோது கையெழுத்திட்ட தாள்களைத் தேடிப் பாருங்கள். விதி மீறினால் முடி வெட்டப்படும் என்ற உறுதிமொழியைப் பல பள்ளிகள் மற்ற தாள்களோடு சேர்த்துக் கொடுத்துவிடுகின்றன. நாமும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். அப்படி ஒன்று இருந்தாலும், வெட்டச் சம்மதித்தது எல்லோர் முன்னாலும் கோணலாக வெட்டச் சம்மதித்ததாகாது என்று நீங்கள் சொல்லலாம். முதலில் வகுப்பாசிரியரையும் பள்ளி ஆலோசக ஆசிரியரையும் பாருங்கள், பிறகு முதல்வருக்கு எழுதுங்கள். நகலில் அலுவலக முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். அங்கே பலன் இல்லையென்றால் கூட்டரசுப் பிரதேசக் கல்வி இலாகாவுக்கு எழுதலாம். மனித உரிமை ஆணையமான சுஹாகாமும் புகார்களைப் பெற்றுக்கொள்கிறது. மகன் சாப்பிடாமல், தூங்காமல், பள்ளி என்றாலே நடுங்குகிற நிலையில் இருந்தால் இந்த வரிசைக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். அரசின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே எண் 15999 நாள் முழுவதும் இயங்குகிறது.

புகார் செய்தால் பாதகமாகுமா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ஆகாது என்று நான் உறுதி தர முடியாது. என் மகளிடம், அவளை மேடையில் ஏற்றிய ஆசிரியை ஏறக்குறைய இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வகுப்பில் அவள் கை தூக்கினாலும் பார்க்காததுபோல் இருந்தார். பிறகு அது தானாகவே மாறிவிட்டது. ஆனால் கடிதம் எழுதப் போகிறேன் என்று அவளிடம் நான் முன்பே கேட்டிருந்தேன். முதலில் வேண்டாம் என்றாள். இரண்டு நாள் கழித்து அவளே வந்து, எழுதுங்கள், ஆனால் என் தோழியின் பெயரைச் சேர்க்காதீர்கள் என்றாள். உங்கள் மகனிடமும் முதலில் கேளுங்கள். அவன் வேண்டாம் என்றால் ஓரிரு நாள் பொறுத்து மறுபடி கேளுங்கள்.