உயில் எழுதாம போயிட்டாரு, சொத்து யாருக்கு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் 38 வயசுல ஹார்ட் அட்டாக்ல போயிட்டாரு. உயில் எதுவும் இல்ல. அவர் சம்பாதிச்சு கட்டின வீடு ஒண்ணு, பேங்க்ல எஃப்டி, கம்பெனில பிஎஃப் இருக்கு. எஃப்டி, பிஎஃப் ரெண்டுக்கும் நாமினி என் மாமியார், கல்யாணத்துக்கு முன்னாடி போட்டது. 6 வயசுல ஒரு பொண்ணு இருக்கா. கருமாதி முடிஞ்ச மறுநாளே அவரோட அண்ணன் ஒரு பத்திரத்த நீட்டி, கையெழுத்து போடும்மா, உன்னையும் புள்ளையையும் நாங்க பாத்துக்கறோம்னு சொல்றாரு. ஜெராக்ஸ் அனுப்பியிருக்கேன். போடலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: போடாதீங்கம்மா. நீங்க அனுப்பின ஜெராக்ஸ முழுசா படிச்சேன், அது விடுதலைப் பத்திரம், அதாவது உங்க பங்க விட்டுக்கொடுக்கறதா எழுதித் தர்ற பத்திரம். ரெண்டாம் பக்கத்துல "எனக்கும் என் மைனர் மகளுக்கும் மேற்படி சொத்தில் இனி யாதொரு பாத்தியமும் இல்லை"ன்னு ஒரு வரி வருது பாருங்க, அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு அவசரம். அதுல கையெழுத்து போட்டு ரிஜிஸ்டரும் பண்ணிட்டா, பாத்துக்கறோம்னு அவர் வாயால சொன்னத வெச்சு நீங்க எங்கயும் போய் நிக்க முடியாது.

1956 இந்து வாரிசுரிமை சட்டப்படி ஒரு ஆம்பள உயில் எழுதாம இறந்தா அவரோட சொத்து முதல்ல மனைவி, பிள்ளைங்க, அம்மா இவங்களுக்கு போகும், ஆளுக்கு சம பங்கு. உங்க வீட்டுல நீங்க, உங்க பொண்ணு, உங்க மாமியார், ஆக மூணு பேர், ஆளுக்கு மூணுல ஒரு பங்கு. அண்ணனுக்கு ஒண்ணும் கிடையாது. மாமனார் இருந்தாலும் இந்த வரிசையில அவர் வரமாட்டாரு, அப்பா ரெண்டாம் வகுப்பு வாரிசு, முதல் வகுப்புல ஒருத்தர் இருந்தாலும் அவருக்கு பங்கு வராது. நாளைக்கு நீங்க மறுமணம் பண்ணிக்கிட்டாலும் உங்களுக்கு வந்த பங்கு உங்களோடதுதான், யாரும் திருப்பி கேக்க முடியாது.

பொண்ணோட பங்க நீங்க நினைச்சாலும் விட்டுக்கொடுக்க முடியாதுங்கறத நல்லா மனசுல வெச்சுக்கோங்க. மைனர் பேர்ல இருக்கற வீடு நிலத்த விக்கவோ எழுதிக்கொடுக்கவோ அப்பா அம்மாவே ஆனாலும் கோர்ட் அனுமதி வாங்கணும், இல்லாம எழுதினா அவ மேஜர் ஆனதும் அது செல்லாதுன்னு கேஸ் போடலாம். யாராவது வற்புறுத்தினா இத சொல்லுங்க, "புள்ள பங்குக்கு கோர்ட் ஆர்டர் வேணுமாம்"னு சொன்னாலே பாதி பேச்சு நின்னுடும்.

நாமினி விஷயத்துல நம்ம ஊர்ல படிச்சவங்களே குழம்புறாங்க. நாமினின்னா பேங்க்ல இருந்து பணத்த வாங்கற ஆள், அவ்வளவுதான், சொத்துக்கு ஓனர் இல்ல. சுப்ரீம் கோர்ட் 1984-லயே இத சொல்லிடுச்சு, 2023-ல கம்பெனி ஷேர் சம்பந்தமான கேஸ்லயும் திரும்ப அதையேதான் சொன்னாங்க. எஃப்டி பணத்த பேங்க் உங்க மாமியார் கையில கொடுக்கும், அதுல தப்பில்ல, ஆனா அத மூணு பங்கா பிரிக்க வேண்டிய கடமை அவங்களுக்கு இருக்கு. பணம் வேற கைக்கு போயிடும்னு பயமா இருந்தா, பேங்க் கொடுக்கறதுக்கு முன்னாடியே கோர்ட்ல தடை வாங்கணும், லெட்டர் மட்டும் கொடுத்தா போதாது. இன்சூரன்ஸ் பாலிசி ஏதாவது இருந்தா தனியா ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்க, 2015 திருத்தத்துக்கு அப்புறம் மனைவி, பிள்ளைங்க, பெத்தவங்க நாமினியா இருந்தா கணக்கு வேற மாதிரி போகும்.

பிஎஃப்ல உங்களுக்கு நல்ல சேதி இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட நாமினேஷன் கல்யாணம் ஆனதுமே செல்லாம போயிடும், இது பிஎஃப் திட்டத்துலயே இருக்கற விதி. கம்பெனி எச்ஆர் "நாமினி அவங்கதானே"ன்னு சொன்னா இத எடுத்து சொல்லுங்க. பிஎஃப்புக்கு ஃபார்ம் 20, பென்ஷனுக்கு 10டி, பிஎஃப்போட சேந்து வர்ற இன்சூரன்ஸுக்கு 5ஐஎஃப், மூணையும் சேத்தே கேளுங்க. வேலையில இருக்கும்போது இறந்தா இந்த இன்சூரன்ஸ் 7 லட்சம் வரைக்கும் வரும். விதவை பென்ஷன் உங்களுக்கு, பொண்ணுக்கும் 25 வயசு வரைக்கும் தனியா பென்ஷன் உண்டு. எத்தனையோ குடும்பம் பிஎஃப் பணத்த மட்டும் வாங்கிட்டு மத்த ரெண்டும் இருக்கறதே தெரியாம விட்டுடுது, மனசு ஆறமாட்டேங்குது.

முதல் வேலையா இறப்பு சான்றிதழ் வாங்கிட்டு இ-சேவை மையத்துல வாரிசு சான்றிதழுக்கு போடுங்க, விஏஓ, ஆர்ஐ விசாரிச்சு தாசில்தார் கொடுப்பாரு. மாமியார் பேரையும் மறக்காம சேருங்க. அவங்களும் புள்ளைய பறிகொடுத்தவங்க, அவங்ககிட்ட சண்டைக்கு போகாதீங்க, முடிஞ்சா தனியா உக்காந்து பேசுங்க. அவங்க பங்க அவங்க யாருக்கு வேணா கொடுக்கலாம், ஆனா உங்க பங்குலயும் பேத்தி பங்குலயும் யாரும் கை வைக்க முடியாது. வக்கீல் ஃபீஸ் நினைச்சு தயங்க வேண்டாம், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல பெண்களுக்கு வருமானம் பாக்காம இலவசமா வக்கீல் தருவாங்க, 15100-க்கு போன் பண்ணுங்க.

கேள்வி: அப்பா இறந்த அன்னிக்கு செலவுக்கு அவர் ஏடிஎம் கார்டுல 40 ஆயிரம் எடுத்தோம். பின் நம்பர் எனக்கு தெரியும். மீதியையும் எடுத்துடலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம் தம்பி. இறந்த நிமிஷத்துல இருந்து அந்த பணம் எல்லா வாரிசுக்கும் சேந்தது. பேங்க்ல இறப்பு சான்றிதழ் கொடுத்து முறையா க்ளெய்ம் பண்ணுங்க. எடுத்த 40 ஆயிரத்துக்கு ஐயர் தட்சணை, சாப்பாடு, வண்டி வாடகைன்னு கணக்கு எழுதி வெச்சு கூடப் பொறந்தவங்ககிட்ட இப்பவே காட்டிடுங்க.

கேள்வி: எனக்கு 1985-ல கல்யாணம் ஆச்சு. அப்பா 1995-ல உயில் இல்லாம காலமானாரு. சீர் செஞ்சு அனுப்பியாச்சு, உனக்கு பங்கு இல்லன்னு தம்பிங்க சொல்றாங்க.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அக்கா, சீருக்கும் பங்குக்கும் சம்பந்தமே இல்ல. அப்பா சுயமா சம்பாதிச்ச சொத்துன்னா மகளுக்கு 1956-லேருந்தே சம பங்கு உண்டு, கல்யாணம் ஆச்சா ஆகலையாங்கற பேச்சே அதுல கிடையாது. பூர்வீக சொத்துல மட்டும்தான் சட்டம் படிப்படியா மாறுச்சு. தமிழ்நாட்டுல 1989-ல வந்த திருத்தம் அப்போ கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கு மட்டும்தான், உங்கள மாதிரி முன்னாடியே கல்யாணம் ஆனவங்க விட்டுப்போச்சு, 2005 மத்திய திருத்தம் அத சரி பண்ணுச்சு. 2005-க்கு முன்னாடியே அப்பா போயிருந்தாலும் மகளுக்கு உரிமை உண்டுன்னு 2020-ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு. ஆனா 2004 டிசம்பர் 20-க்கு முன்னாடி ரிஜிஸ்டர் பண்ணின பாகப்பிரிவினையோ விற்பனையோ நடந்திருந்தா அத தொட முடியாது, அதனால மொதல்ல வில்லங்கம் போட்டு பாருங்க.

கேள்வி: நாங்க கிறிஸ்தவங்க. எங்களுக்கும் இதே கணக்கா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இல்லைங்க. உங்களுக்கு 1925 இந்திய வாரிசுரிமை சட்டம். மனைவிக்கு மூணுல ஒரு பங்கு, மீதி ரெண்டு பங்கு பிள்ளைங்களுக்கு, ஆணும் பெண்ணும் சமம். பிள்ளைங்க இருக்கும்போது இறந்தவரோட அம்மாவுக்கு பங்கு வராது.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற டீச்சர், வயசு 71. கணவர் இல்ல, குழந்தைங்களும் இல்ல. என் சம்பளத்துல கட்டின வீடு. என் அண்ணன் மகதான் என்னைப் பாத்துக்கறா. எனக்கப்புறம் வீடு அவளுக்குத்தானே போகும்? கை நடுங்குது, எழுதவும் கஷ்டமா இருக்கு.
– வாசகி, மதுரை

பதில்: போகாது டீச்சர், அதான் இந்த பதில நீங்க உடனே படிக்கணும்னு நினைக்கறேன். பிள்ளை இல்லாத இந்து விதவை உயில் எழுதாம இறந்தா, அவங்க சொந்தமா சம்பாதிச்ச சொத்து கணவரோட வாரிசுகளுக்குத்தான் முதல்ல போகும், அவங்க வழியில யாருமே இல்லன்னாதான் உங்க பிறந்த வீட்டுப் பக்கம் வரும். 2009-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒண்ணு இருக்கு. கல்யாணம் ஆகி 3 மாசத்துல விதவையான பொண்ண புகுந்த வீட்டுல துரத்தி விட்டுட்டாங்க, பெத்தவங்க படிக்க வெச்சாங்க, அவங்க வேலைக்கு போய் சம்பாதிச்சாங்க. அவங்க இறந்தப்போ பணம் எல்லாம் கணவரோட சகோதரி பிள்ளைங்களுக்கே போச்சு. நியாயமே இல்லாத சட்டம்தான், மாத்தணும், ஆனா இன்னிக்கு நிலவரம் இதுதான்.

ஒரே ஒரு உயில் இத தடுத்துடும். ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும், ரிஜிஸ்டர் பண்றதும் கட்டாயம் இல்ல, பண்ணினா பின்னாடி தகராறு குறையும். ரெண்டு சாட்சி முன்னாடி நீங்க கையெழுத்து போடணும், அவங்களும் போடணும். அண்ணன் மகளையோ அவ புருஷனையோ சாட்சியா போடாதீங்க, உங்க பழைய ஸ்கூல்ல கூட வேலை பாத்த டீச்சர் யாராவது, குடும்ப டாக்டர், இப்படி உங்களவிட வயசு கம்மியானவங்களா கூப்பிடுங்க. வேற யாராவது எழுதி கொடுக்கலாம், டைப்பும் பண்ணலாம். கை ரொம்ப நடுங்கி கையெழுத்து வரலன்னா பெருவிரல் ரேகை வெச்சாலும் செல்லும்.