ரீடிங் எடுக்க ஆள் வரவில்லை, கரண்ட் பில்லை எப்படிக் கட்டுவது?

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறோம். இந்த 2021 மே மாதம் 23ஆம் தேதி வாக்கில் எங்கள் வீட்டுக்கு மின் கணக்கெடுப்பு வர வேண்டும். கொரோனா ஊரடங்கால் வர மாட்டார்கள், 2019 மே மாதத்தில் கட்டிய தொகையையே இப்போதும் கட்டலாம் என்கிறார்கள். அப்போது வீட்டில் நானும் கணவரும் மட்டும்தான். இப்போது மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் சென்னையிலிருந்து வந்து தங்கியிருக்கிறார்கள். இருவருக்கும் வீட்டிலிருந்தபடியே வேலை. சென்ற ஆண்டு ஊரடங்கில் நான்கு மாதத்துக்குச் சேர்த்து வந்த பில்லைப் பார்த்து மலைத்துப்போனோம். நூறு யூனிட் இலவசம் ஒரு முறைதான் கிடைத்ததோ என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை. வாசல் பக்கம் உள்ள கணவரின் ஜெராக்ஸ் கடை மே 10 முதல் பூட்டிக் கிடக்கிறது. அதற்கும் பழைய தொகையைத்தான் கட்ட வேண்டுமா?

பதில்: முதலில் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம் அம்மா. 2020இல் நான்கு மாத மின்சாரத்தை ஒரே பில்லாகப் போடவில்லை. மொத்த யூனிட்டை இரண்டாகப் பிரித்து, இரண்டு இருமாதக் கணக்காகப் போட்டு, நீங்கள் இடையில் கட்டியிருந்த தொகையைக் கழித்தார்கள். ஆகவே நூறு யூனிட் இலவசம் இரண்டு முறையும் கிடைத்திருக்கும். நான்கு மாதத்தில் 1,040 யூனிட் ஓடியிருந்தால், பிரிக்காமல் போட்டால் 5,344 ரூபாய். பாதியாகப் பிரித்தால் 1,912 வீதம் 3,824 ரூபாய். பழைய ரசீதை எடுத்து இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். பிரிக்காமல் போட்டிருந்தால் அது தவறு; மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துத் திருத்தச் சொல்லலாம்.

அப்படியானால் பில் ஏன் அவ்வளவு ஏறியது? இதற்கு விடை 500 என்ற எண்ணில் இருக்கிறது. 2021 மே மாதக் கட்டணப்படி, வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் 201 முதல் 500 யூனிட் வரை ஓடினால், முதல் நூறு இலவசம், அடுத்த நூறுக்கு யூனிட் 2 ரூபாய், அதற்கு மேல் 3 ரூபாய், நிலைக்கட்டணம் 30 ரூபாய். ஆக 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆகிவிட்டால் விலைப்பட்டியலே மாறுகிறது. முதல் நூறு அப்போதும் இலவசம்தான். ஆனால் 101 முதல் 200 வரை 3.50, 201 முதல் 500 வரை 4.60, அதற்கு மேல் 6.60, நிலைக்கட்டணம் 50. மொத்தம் 1,786 ரூபாய் 60 காசு. அந்த ஒரு யூனிட்டின் விலை 656 ரூபாய் 60 காசு. நடுத்தரக் குடும்பங்களை இவ்வளவு வதைக்கும் கோடு இந்தப் பட்டியலில் வேறில்லை. அது இத்தனை செங்குத்தாக இருப்பது நியாயமே இல்லை என்று வருவாய்ப் பிரிவில் பணியாற்றிய காலத்திலிருந்தே சொல்லிவருகிறேன்.

இதனால்தான் எவ்வளவு ஓடியது என்பதோடு, எந்தத் தேதியில் ரீடிங் எடுத்தார்கள் என்பதும் பில்லைத் தீர்மானிக்கிறது. உங்கள் வீட்டில் நாளொன்றுக்கு 8 யூனிட் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அறுபதாம் நாள் ரீடிங் எடுத்தால் 480 யூனிட், 1,070 ரூபாய். ஐந்து நாள் தள்ளி எடுத்தால் 520 யூனிட், 1,912 ரூபாய். சாதாரண நாட்களில் கணக்கீட்டாளர் தெரிந்த முகம். நாள் தவறினால் தெருமுனையில் பார்த்துக் கேட்டுவிடுவோம். இப்போது அதற்கு வழியில்லை.

சரி, பாதியாகப் பிரிப்பது நமக்கு லாபமா நட்டமா? இரண்டும் நடக்கும். முதல் இரண்டு மாதம் 460, அடுத்த இரண்டு மாதம் 580 ஓடிய வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உரிய நாளில் ரீடிங் எடுத்திருந்தால் 1,010 ரூபாயும் 2,308 ரூபாயும், சேர்த்து 3,318. பிரித்துப் போட்டதால் இரண்டு பாதியும் 520 ஆகி, 3,824 ரூபாய். 506 ரூபாய் நட்டம். இன்னொரு வீட்டில் 420, 560 என்று ஓடியிருந்தால் உண்மைக் கணக்கு 3,066 ரூபாய். பாதியாகப் பிரித்தால் 490 வீதம் 2,200தான். 866 ரூபாய் லாபம். சென்ற ஆண்டு லாபம் அடைந்தவர்கள் பேசவில்லை, நட்டப்பட்டவர்கள் பேசினார்கள். இந்தக் கணக்கீட்டு முறையை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020 ஜூலையில் தள்ளுபடி செய்துவிட்டது என்பதால், அதே வாதத்தை மறுபடி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போவதில் பயனில்லை.

இந்த 2021ஆம் ஆண்டு ஒரு நல்ல வழி இருக்கிறது. அதைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். 2019 மே தொகையைக் கட்டலாம் என்பது ஒரு வசதி மட்டுமே. (2020 மே மாதத்தை விட்டுவிட்டு ஓராண்டு பின்னே போனதற்குக் காரணம், அந்த மே மாதமும் ஊரடங்கில் கழிந்ததுதான்.) அது வேண்டாம் என்றால், உங்கள் மீட்டரை நீங்களே படம் எடுத்து, உங்கள் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்கு வாட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ அனுப்பலாம். அந்த ரீடிங்கின்படி உங்களுக்குத் தனிக் கணக்குப் போடுவார்கள்.

இருவர் இருந்த காலத்துத் தொகை குறைவாகத்தான் இருக்கும், அதைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்று தோன்றும். கட்டாமல் விட்ட மிச்சம் எங்கும் போவதில்லை. ஜூலை கணக்கில் வந்து நிற்கும். அதுவும் சென்ற ஆண்டு போல இரண்டாகப் பிரித்தால், 500 கோட்டின் எந்தப் பக்கம் விழுவீர்கள் என்பது இப்போது யாருக்கும் தெரியாது. கத்திரி வெயிலில் மின்விசிறியும் ஏசியும் இரவு பகலாக ஓடும் வீடு உங்களுடையது. ஜூனில் சாரல் தொடங்கிவிட்டால் செலவு குறையலாம். மகன் குடும்பம் ஊர் திரும்பினாலும் குறையலாம். மே மாதம் 500ஐத் தாண்டி, ஜூலையில் மிகக் குறைவாக ஓடினால் பிரிப்பதில் உங்களுக்குக் கொஞ்சம் லாபம் வரக்கூடும் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த ஊகத்தை நம்பி, ஜூலையில் மூவாயிரம் நாலாயிரம் என்று ஒரே தொகையைக் கட்டும் நிலைக்குப் போக வேண்டாம் என்பதே என் யோசனை. வேலையும் வருமானமும் நிச்சயமில்லாத இந்த நேரத்தில், ஓடியதற்கு அன்றன்றே கட்டிவிடுவதுதான் குடும்பத்துக்குப் பாதுகாப்பு.

படம் எடுப்பதில் பலர் தவறுகிறார்கள். மின்னணு மீட்டரின் திரையில் தேதி, நேரம், வோல்டேஜ் என்று ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே இருக்கும். நமக்கு வேண்டியது எண்ணுக்குப் பக்கத்தில் கே.டபிள்யூ.எச். (kWh, அதாவது யூனிட்) என்று வரும் திரை மட்டும். கே.டபிள்யூ. என்று மட்டும் முடிந்தால் அது வேறு. அந்தச் சிறிய எண்ணை ரீடிங் என்று அனுப்பினால் பயன்படாது. பழைய சக்கர மீட்டராக இருந்தால் கடைசியில் உள்ள சிவப்புக் கட்டம் தசமம், அதைச் சேர்க்கக் கூடாது. மீட்டரின் வரிசை எண்ணும் படத்தில் தெரிய வேண்டும். அன்றைய தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, அதில் மின் இணைப்பு எண்ணைப் பெரிதாக எழுதி, மீட்டர் பக்கத்தில் பிடித்துக்கொண்டு எடுங்கள். தேதிக்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை. காலை வெளிச்சத்தில் எடுத்தால் திரையில் பளபளப்பு விழாது. மீட்டர் பெட்டியின் சீலை மட்டும் தொடாதீர்கள்.

அனுப்பும் செய்தியில் இணைப்பு எண், ரீடிங், எடுத்த தேதி மூன்றையும் எழுதுங்கள். மின்வாரியத்தில் பதிவு செய்த கைப்பேசியிலிருந்து போனால் நல்லது. உதவிப் பொறியாளரின் எண் தெரியாவிட்டால் உங்கள் பகுதி வயர்மேனிடம் போனில் கேளுங்கள். அனுப்பிய செய்தியை ஜூலை பில் வரும்வரை அழிக்காதீர்கள். தேதி தவறிவிட்டாலும் பரவாயில்லை, இன்றே எடுத்து அனுப்புங்கள். தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் 8 யூனிட்.

பில் தொகையை நீங்களே முன்கூட்டிப் போட்டுப் பார்க்கலாம். மின்வாரிய இணையதளத்தில் யூனிட்டைக் கொடுத்தால் தொகை சொல்லும் பகுதி இருக்கிறது. மகன் வீட்டில் இருக்கிறார், அங்கேயே பணமும் கட்டிவிடலாம். இதற்காக உங்கள் கணவர் கவுண்டர் வரிசையில் போய் நிற்க வேண்டாம். பில் கட்ட உதவுகிறோம் என்று யாராவது போனில் அழைத்து ஓ.டி.பி. கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

இனி கடை. வீட்டைவிட இங்கேதான் படம் முக்கியம். வணிக இணைப்புக்கு இலவச யூனிட் கிடையாது. 2021 மே மாதக் கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 100 யூனிட் வரை ஓடினால் யூனிட் 5 ரூபாய். நூறைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே 8.05. 2019 மே மாதத்தில் பள்ளி, கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் 240 யூனிட் ஓடியிருந்தால் 1,932 ரூபாய் கட்டியிருப்பீர்கள். இப்போது பூட்டிக் கிடந்த நாட்கள் போக 90 யூனிட்தான் ஓடியிருக்கிறது என்றால் 450 ரூபாய். (நிலைக்கட்டணமும் வரியும் தனி, கடை மூடியிருந்தாலும் நிலைக்கட்டணம் உண்டு.) பழைய தொகையைக் கட்டினால் மிகுதி பின்னால் கழிக்கப்படும் என்பது உண்மைதான். ஆனால் வியாபாரமே இல்லாத மாதத்தில் அந்த ஆயிரத்து ஐநூறு உங்கள் கையில் இருக்க வேண்டிய பணம். பின்னால் இரண்டாகப் பிரிக்கும்போதும் ஆபத்து இருக்கிறது. பூட்டியிருந்த இரண்டு மாதம் 60, திறந்த இரண்டு மாதம் 220 ஓடினால் உண்மைக் கணக்கு 2,071 ரூபாய். பிரித்தால் இரண்டும் 140 ஆகி, 2,254. குறைவாக ஓடிய காலத்துக்கு உரிய 5 ரூபாய் விலையை இழந்துவிடுவீர்கள்.

கடை மீட்டரும் வீட்டு மீட்டரும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், எந்தப் படம் எந்த இணைப்புக்கு என்று குழம்பாமல் தனித்தனிச் செய்தியாக அனுப்புங்கள். கடை பூட்டியிருக்கும் நாட்களில் அங்கே ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் எதுவும் ஓடாமல் மெயின் சுவிட்சை அணைத்து வையுங்கள். உங்கள் தெருவில் கைப்பேசி கையாளத் தெரியாத முதியவர்கள் தனியாக இருந்தால், முகக்கவசம் அணிந்து வாசலில் நின்றபடி அவர்கள் மீட்டரையும் உங்கள் மகன் படம் எடுத்து அனுப்பித் தரலாம். செய்தியில் அவர்களுடைய இணைப்பு எண்ணைச் சரியாகக் குறிப்பிட்டால் போதும்.