நீண்ட மாயாஜாலத் தொடர் நாவல்கள் நடுவில் ஏன் இழுக்கின்றன?

கதை ‘இழுக்கிறது’ என்றால், பக்கங்கள் நகர்கின்றன, நாம் காத்திருக்கும் விஷயம் நகரவில்லை என்று பொருள். முக்கியக் காரணம் கிளைகள். முதல் பாகத்தில் சேர்ந்து கிளம்புகிறவர்கள் பிறகு பிரிகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனிப் பயணம், புது ஆட்கள். ஒரே குழாயில் பத்து வாளிகளை மாற்றி மாற்றிப் பிடிப்பது மாதிரிதான்: தண்ணீர் அதே அளவில் வந்தாலும் எந்த வாளியும் சீக்கிரம் நிறையாது.

ராபர்ட் ஜோர்டனின் ‘தி வீல் ஆஃப் டைம்’ தொடரில் 2003இல் வந்த 10ஆம் பாகம் இதற்குப் பேர்போனது. முந்தைய பாகத்தின் உச்சக்கட்டம் நடந்த அதே நாட்களில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கே பெரும்பகுதி போய்விடுகிறது. இரண்டு வருஷத்துக்கும் மேல் காத்திருந்தவர்களுக்குக் கோபம் வந்தது நியாயம்தான்.

அப்புறம், பக்கம் அதிகம் என்பதால்தான் இழுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அதைவிட நீளமான 4ஆம் பாகத்தைப் பலர் விரும்பிப் படிக்கிறார்கள்.